கேங் வெட்டிய கட்டுரை

ஃபிஜியில், லவுத்தோக்கா நகரத்துச் சந்தைக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அந்த இன்டர்நெட் கடை இருந்தது. படியேறும்போது கீழ்க்கடையின் புதுத்துணி வாசனையும் மேலேயிருந்து வரும் சூடேறிய கம்ப்யூட்டர் வாசனையும் பாதிப் படியில் கலக்கும். வெட்டுக் காலத்தில் கரும்பு ரயில் நகரத்துக்குள்ளேயே போகும். அப்போது மேஜைகள் லேசாக அதிரும் என்பதால் கடைக்காரர் ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் சாக்கை மடித்து வைத்திருந்தார். நான் படித்தவன் ஆனது அந்த மாடியில்தான் என்று சொன்னால் என் கல்லூரி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போது நாட்டிலேயே இல்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அடுத்த ஆண்டு அது. எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர் நியூசிலாந்துக்குப் போய்விட்டார். சாவி அலுவலகத்தில் ஆணியில் தொங்கியது. திறந்து நடத்தத்தான் ஆள் இல்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்கள் எங்களைவிட வயதில் மூத்தவை. எதையாவது தேட வேண்டுமென்றால் சந்தைக்கு பஸ் பிடித்து, மாடியேறி, அரைமணிக் கணக்கில் காசு கொடுத்து உட்கார வேண்டும்.

நான் புலிலேகாவிலிருந்து கப்பலேறி வந்தவன். அது வேறு தீவு, லம்பாசா பக்கத்துக் கரும்பு ஊர். அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார், அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் நான்தான். லவுத்தோக்காவில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். எங்கள் நிலத்தின் குத்தகை அந்த வருடத்தோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று முடிவாகத் தெரிந்துவிட்டது. ஆக, முதல் வருடம் தேறாவிட்டால் கல்லூரி இல்லை; திரும்பிப் போய் அப்பாவோடு கரும்பு வெட்டலாம் என்றால் கரும்பும் இல்லை. இதை வீட்டில் யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொலைபேசியில் அப்பா "படிப்பு எப்பிடிப் போவுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூச்சுவிடாமல் இருப்பார். அதிலேயே எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நண்பர்களுக்குள் நாங்கள் பேசியது ஃபிஜி இந்தி. வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசுவது பாதி தமிழ், பாதி இந்தி. கோயிலை ஒட்டிய பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அதனால் எல்லோருடைய பேச்சும் என் தமிழில்தான் இங்கே வரும். அவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

முதல் கட்டுரைக்கு நான் செய்தது இதுதான். கேள்வித்தாளில் இருந்த தலைப்பை அப்படியே, முற்றுப்புள்ளி உட்பட, தேடும் பெட்டியில் தட்டினேன். வந்த பக்கங்களில் முதலில் இருந்ததைப் பாடப்புத்தகம் மாதிரி நினைத்து எழுதிக்கொண்டேன். முதலில் வருவதுதான் சரியான விடை, அதனால்தான் அதை முதலில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பினேன். என் வகுப்பில் இருந்த கரும்புக்காட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதையேதான் நம்பினார்கள்.

சமூகப் பாடம் எடுத்தவர் ஒரு கைவீதி அம்மா. இந்த மண்ணின் பூர்வகுடிகளை நாங்கள் கைவீதி என்றுதான் சொல்வோம். போகிறவர்கள் போக, போகாமல் இருந்த ஆசிரியர்களில் அவர் ஒருவர். எங்களுக்கு அவர் மேடம். கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை எழுதியவர் இன்றைக்கு வகுப்புக்கு வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. "உங்கள் எல்லோருக்காகவும் அவர் ஒருவரே எழுதியிருக்கிறார். களைத்துப் போயிருப்பார், பார்த்துப் பாராட்டலாம் என்று நினைத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு விதியைச் சொன்னார். வருடக் கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை. தலைப்பு அவரவரே தேட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் தேடலாம், ஆனால் தேடிக் கிடைத்ததில் இல்லாத ஒன்று அதில் இருக்க வேண்டும். அதில் தேறினால்தான் இரண்டாம் வருடம்.

அன்று மாலை பஸ் நிலையத்தில் ஆறு பேர் ரொட்டி பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரைமணி நேரக் காசில் ஒரு பக்கம் திறப்பதற்குள் கால்மணி போய்விடுகிறது, இப்படி இருந்தால் யாருக்கு என்ன தலைப்பு கிடைக்கும் என்று ஆளாளுக்குப் புலம்பினோம். ரராவாய் மில்லுக்குப் பக்கத்திலிருந்து வந்த நெட்டையன் ஒருவன் எங்களோடு இருந்தான். உட்கார்ந்தாலும் அவன் தலை தனியாகத் தெரியும். அவன்தான் வாயில் ரொட்டியோடு சொன்னான்:

"கேங் போட்டுடலாம்."

கரும்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் யாரும் தன் கரும்பைத் தானே வெட்டி முடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரு கேங் போடுவார்கள். அதற்குத் தலைவராக ஒரு சர்தார் இருப்பார். யார் வயல் முதலில், யார் வயல் கடைசியில் என்று முறை போட்டுக்கொள்வார்கள். முறை வந்தவன் வயலில் எல்லோரும் இறங்கி, ஆளுக்கொரு வரிசையாக வெட்டுவார்கள். நடுவில் ஒருவன் வர முடியாமல் போனால் தன் இடத்தில் பதில் ஆள் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருந்துவிட்டால் அடுத்த வருடம் அவன் வயலைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கடைசி முறை யாருக்கும் பிடிக்காது. மழை பிடித்துக்கொண்டாலோ மில் மூடிவிட்டாலோ அந்த வயல் கரும்பு வெட்டாமலே நின்றுவிடும்.

நெட்டையன் சொன்னதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சர்தார் யார் என்று மட்டும் கேட்டோம். எங்களில் கணக்காகவும் கண்டிப்பாகவும் இருந்தவள் பா நகரத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே அதே ரராவாய் மில்லில் வேலை, சொந்தமாக ஒரு கரும்பும் கிடையாது.

"பொம்பளை சர்தாரை எங்கயாவது பாத்திருக்கியா?" என்று அவளே கேட்டாள்.

"கரும்பே இல்லாத கேங்கை நீ எங்க பாத்தே?" என்றான் நெட்டையன்.

அன்றிலிருந்து அவளுக்கு சர்தார் என்பதே பெயர். பார்சல் காகிதத்தைக் கிழித்து அவள் சீட்டு எடுக்க வைத்தாள். கடைசி முறை எனக்கு விழுந்தது. "புலிலேகா ரொம்ப தூரம், கடைசியாத்தான் வரும்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதங்களில்தான் நான் தேடக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் மாடியேறி அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களில் உட்காருவோம். முறை வந்தவன் தன் எண்ணத்தைச் சொல்வான். சர்தார் அதை வரிசைகளாகப் பிரிப்பாள்: நீ இது மற்ற நாடுகளில் எப்படி என்று பார், நீ இதை யார் மறுத்திருக்கிறார்கள் என்று பார், நீ பழைய செய்திகளைப் பார், நீ முதல் பக்கத்தைத் தொடாதே, ஐந்தாம் பக்கத்திலிருந்து ஆரம்பி. ஒருவன் கிடைத்ததையெல்லாம் பிளாப்பியில் ஏற்றுவான். பக்கம் திறக்கும் வரை சும்மா இருக்காமல் பக்கத்து ஆள் படிப்பதைக் காதில் வாங்கிக்கொள்வோம். கேள்வியை மாற்றிக் கேட்டால் வேறு உலகம் திறக்கிறது என்பதை அந்த நாற்காலிகளில்தான் கண்டேன். சர்தாருடைய கட்டுரை இப்படித்தான் பிறந்தது. சர்க்கரை மில் என்று தேடத் தொடங்கி, எங்கெங்கோ இருக்கும் ஆலை நகரங்களின் சங்கு ஓசையில் போய் நின்று, கடைசியில் ரராவாய் வீடுகளில் உலை வைப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் மில் சங்கை வைத்துத்தான் என்று எழுதினாள். எங்கள் வாழ்க்கையில் இருப்பதும் கட்டுரைக்கு ஆகும் என்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கடைக்காரரை நாங்கள் அங்கிள் என்போம். எங்கள் நேரம் முடிந்த பிறகும், கூட்டமில்லாத நாட்களில், மீட்டரைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் நன்றி சொல்லப் போனபோது, என்னத்துக்கு என்று கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். ரயில் பார்ப்பது தன் பழக்கம் என்றார். அப்போது ரயில் எதுவும் போகவில்லை.

பிறகு கேங் குறையத் தொடங்கியது.

சிகடோக்காவிலிருந்து வந்த பெண்ணுக்கு ஆக்லாந்தில் கல்யாணம் முடிவானது. அண்ணன் தம்பி முறையான இரண்டு பேர், குடும்பத்தோடு கனடா. பிறகு நெட்டையன் வீட்டுக்கு பிரிஸ்பேன் விசா வந்தது. நாந்தி விமான நிலையத்துக்கு வேனில் போனோம். அங்கே ஒவ்வொரு தூணுக்கும் ஒரு குடும்பம் மாலையோடு நின்று அழுதுகொண்டிருந்தது. நெட்டையன் கழுத்தில் மாலை கட்டையாகத் தெரிந்தது. சர்தார் அழவில்லை. எங்கள் இந்தியில் சகோதரனைப் பாய் என்போம்; அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி:

"பாய், உன் பதில் ஆள் யாரு?"

"நான்தான்" என்றான்.

"நீதான் போறியே."

"போறவன் வேற. பதில் ஆள் வேற. அனுப்பி வைக்கிறேன், இரு."

இதையும் ஒரு கிண்டலாக எடுத்துக்கொண்டு திரும்பினோம். வேனில் அவன் உட்கார்ந்து வந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

என் முறை வந்தபோது மாடியில் நானும் சர்தாரும் மட்டும்தான். என்னிடம் தலைப்பும் இல்லை. மற்றவர்களின் வயலில் இறங்கி வெட்டியே வருடத்தைக் கழித்தவனுக்குத் தன் வயலில் என்ன நட்டிருக்கிறது என்று தெரியவில்லை. ஃபிஜி என்று தட்டினால் ஒன்று ராணுவம் வரும், இல்லையென்றால் கடற்கரை ஓட்டல் வரும். கரும்பு என்று தட்டினால் டன் கணக்கும் ஏற்றுமதி விலையும் வரும். ஐந்தாம் பக்கம், பத்தாம் பக்கம் என்று போய்ப் பார்த்தோம். என் தலைக்குள் எதுவும் நகரவில்லை. இரண்டு சனிக்கிழமை அப்படியே போயிற்று.

அந்த வாரம் அப்பா தொலைபேசியில் பேசினார்.

"நல்லா கீறியாப்பா? எழுதி முடிச்சியா?"

இன்னும் இல்லை, என் முறை இப்போதுதான் வந்திருக்கிறது, ஆனால் கேங்கில் ஆள் இல்லை என்றேன். எங்கள் ஏற்பாட்டை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். அது அவருக்குப் பிடித்துப்போய், கல்லூரியில் நடக்கும் மற்ற எதையும்விட அதைத்தான் விசாரிப்பார். "இங்கயும் அதான். நம்ம வயலு இந்த வாட்டி கடைசி. பாதி ஆளு ஆஸ்திரேலியா போயிட்டான்" என்றார். பிறகு அத்தையைக் கூப்பிடச் சொன்னார். அவர் சொன்னதை நான் வருத்தமாக மட்டுமே கேட்டேன். அதில் என் கட்டுரை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாடியேறியபோது சர்தார் எனக்கு முன்பே வந்திருந்தாள். மெயிலைத் திற என்றாள். எனக்கு மெயில் அனுப்ப யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். ஆக்லாந்திலிருந்து, கனடாவிலிருந்து, பிரிஸ்பேனிலிருந்து வரிசையாக வந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் தலைப்பில் ஒரே வாசகம்: என் வரிசை.

எனக்குத் தெரியாமல் சர்தார் எல்லோருக்கும் எழுதியிருந்தாள். புலிலேகா முறை வந்திருக்கிறது, வயலில் இரண்டு பேர்தான் நிற்கிறோம், பதில் ஆள் எங்கே என்று. அதற்குத்தான் இந்தப் பதில்கள். அங்கே ஊர் நூலகங்களில் காசில்லாமலே கம்ப்யூட்டரில் உட்காரலாம், பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று ஆக்லாந்துக்காரி எழுதியிருந்தாள். புது மாமியாரிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனாளாம். என்ன தலைப்பு என்று தெரியாததால் அவரவர் கையில் கிடைத்ததையெல்லாம் தேடி அனுப்பியிருந்தார்கள்: தீமிதி, லாரி ஓட்டுநர்கள், கப்பல் பயணம், லம்பாசா வெள்ளம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைத் தொடவில்லை என்று உறுதிமொழி வேறு.

நெட்டையன் எழுதியதுதான் கடைசியில் இருந்தது. அவன் அப்பா அங்கே ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்கள் கேங்கைப் பற்றி அவரிடம் சொன்னானாம். அவர் கேட்டாராம்: பாதி கேங் போயிட்டா கடைசி வயலை யாரு வெட்றான்? இவன் நூலகத்தில் போய் அதையே தேடியிருக்கிறான். கேள்வியை எத்தனை விதமாக மாற்ற முடியுமோ அத்தனை விதமாகவும் மாற்றியிருக்கிறான். குவீன்ஸ்லாந்தில் எந்திரம் வெட்டுகிறது என்று வந்ததாம். வேறு எங்கேயோ கூலி ஆட்கள் வெட்டுகிறார்கள் என்று வந்ததாம். எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் இல்லை. கடிதத்தை இப்படி முடித்திருந்தான்: "என் வரிசையில ஒண்ணுமே இல்ல பாய். வெறும் நிலம். மன்னிச்சுக்க."

நான் படித்து முடித்து சர்தாரைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடிக் கிடைக்காதது வேணும்னுதானே மேடம் சொன்னாங்க?" என்றாள்.

அப்பா தொலைபேசியில் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

கீழே இறங்கி, தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். இந்தமுறை நான் கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் இருந்தேன். இந்த வருடம் நம் வயலை யார் வெட்டப் போகிறார்கள், ஆள் போனால் முறையை எப்படி மாற்றுகிறீர்கள், பதில் ஆள் எங்கிருந்து வருகிறான், வராவிட்டால் யாரை யார் கோபிப்பது? அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"இதைக் கேக்கவா காலேஜி அனுப்பிச்சேன்? இது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியுமே."

கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையாம் என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. அம்மாவிடம் திரும்பி அதைச் சொல்லி, அம்மாவும் சிரிப்பது கேட்டது. பிறகு பேசத் தொடங்கினார். அட்டை தீரும்வரை பேசினார். மறுநாளும் பேசினார். அப்பா என்னிடம் அவ்வளவு தொடர்ந்து பேசியதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

நண்பர்களும் அவரவர் அப்பாக்களைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். பா பக்கம் ஒரு மாதிரி, லம்பாசா பக்கம் வேறு மாதிரி என்று தெரிய வந்தது. ஆக்லாந்துக்காரி தன் அப்பாவுக்குத் தொலைபேசி போட்டதில், அவர் கல்யாணக் கடனைப் பற்றிப் பேசாமல் கேங்கைப் பற்றியே பேசினாராம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாம். இப்போது தேடுவதற்கு எங்களிடம் சரியான கேள்விகள் இருந்தன. ஆட்கள் வெளியேறும் ஊர்களில் கூட்டு வேலை என்ன ஆகிறது என்று தட்டியபோது, எங்கெங்கோ இருக்கும் மலை ஊர்களும் மீன்பிடி ஊர்களும் வந்தன. அவர்களோடு புலிலேகாவைப் பக்கத்தில் வைத்து எழுதினேன்.

எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் வயல் வெட்டு நடந்தது. குத்தகை முடிந்து யாரிடம் அந்த நிலம் திரும்பிப் போகிறதோ, அந்தக் கைவீதி ஊர்ப் பையன்கள் கேங்கின் பதில் ஆட்களாக வந்து இறங்கினார்களாம். அம்மாதான் சொன்னாள். எல்லோருக்கும் கிழங்கு அவித்துப் போட்டு, கோழிக் கறியும் வைத்தாளாம். நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையாம். கடைசி நாள் வரிசை முடிந்ததும் அப்பா ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டாராம். அதையும் கட்டுரையில் சேர்த்தேன். எப்படி விளக்குவது என்று தெரியாததால் நடந்ததை நடந்தபடியே எழுதினேன்.

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மேடம் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அவர் கட்டுரையின் கடைசித் தாளைத் திறந்து வைத்திருந்தார். எங்கிருந்து எடுத்தது என்று எழுத வேண்டிய இடத்தில், இணையப் பக்கங்களுக்குக் கீழே அப்பாக்களின் பெயர்களை எழுதி, ஊரும் எழுதியிருந்தேன்.

இவர்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். மாடியையும் கேங்கையும் பதில் ஆட்களையும் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் முதல் கட்டுரையை ஒரே ஆள் உங்கள் எல்லோருக்குமாக எழுதினார். இதை எல்லோரும் சேர்ந்து உனக்காக எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

தேறவில்லையா மேடம் என்று கேட்டேன்.

"எழுதியது நீதானே?"

"ஆமாம், மேடம்."

"தேறிவிட்டாய். கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்று பேரை விட்டிருக்கிறாய். வெட்ட வந்த பையன்கள். அவர்கள் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வா, பிறகு மதிப்பெண் போடுகிறேன்."

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லோர் பெயரும் தெரிந்திருந்தது, யாருக்குக் காரம் ஆகாது என்பதும் கூட.

குத்தகை முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் நான் வந்த அதே கப்பலில், தட்டுமுட்டுச் சாமான்களோடு லவுத்தோக்கா வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. நான் இரண்டாம் வருடத்துக்குப் போனேன், பிறகு மூன்றாம் வருடத்துக்கும். அந்த மாடியின் படிகள் எனக்கு என்ன செய்தன என்று நினைக்கும்போதெல்லாம் யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அங்கிளுக்கா, சிரித்துக்கொண்டே திருத்திய மேடத்துக்கா, வெறும் நிலம் என்று மன்னிப்புக் கேட்டவனுக்கா?

அவன் மட்டும் நன்றியை வாங்கிக்கொள்ளவே இல்லை. பிரிஸ்பேனில் அவனும் கல்லூரியில் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. எங்கள் மில்லுக்குக் கரும்பு கொண்டுவரும் வண்டிகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டுமாம், அங்கே எவ்வளவு பெரிய நூலகத்தில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். தலைப்பில் இரண்டே சொல்: என் முறை.

நானும் சர்தாரும் அந்தச் சனிக்கிழமை மாடியேறவில்லை. ரராவாய்க்கு பஸ் பிடித்து, மில் வாசலில் அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை நின்றிருந்தோம்.